பயனர் 27

ரத்தத்தை எழுதுவது என் வேலை.
ஊலு நகரத்தில், ஆற்றங்கரை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்,
டிசம்பரில் இரண்டு மணிக்கே இருட்டிவிடும் ஜன்னலோரம்
எந்தத் தமனி வெட்டுப்பட்டால்
எத்தனை நொடியில் திரை சிவக்க வேண்டும் என்று
நான்தான் முடிவு செய்கிறேன்.

முதல் பதிப்பின் ஈரல்
பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு போல இருந்தது.
'இது ரொம்ப மன்னிக்கிறது' என்றார்
மருத்துவமனையிலிருந்து வந்த அம்மாள்
குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல்.
மறுநாள் சந்தைக் கூடத்தில்
பனிமான் ஈரல் ஒரு கிலோ வாங்கினேன்.
கொக்கியில் மாட்டி, தராசில் கோத்து,
கிழியும்வரை இழுத்தேன்.
பதினொரு துண்டு, பதினொரு எண்கள்.
மிச்சத்தை வெங்காயம் போட்டு வறுத்தேன்.
மகன் தொடவில்லை.
அந்த எண்கள் இன்றும் உள்ளே இருக்கின்றன.
மனித ஈரலுக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்காதீர்கள்.
மன்னிப்பது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் நோயாளிக்குப் பெயர் கிடையாது.
வயிறு உண்டு, முகம் இல்லை.
செத்தாலோ, இனி ஒட்டவைக்க முடியாது என்றாலோ
ஒரு மணி ஒலிக்கும்.
அந்த ஓசைக்காக ஒரு வாரம் கூட்டம் போட்டோம்.
சோகமாகவும் இருக்கக் கூடாது, விளையாட்டாகவும் கூடாது.
கடைசியில், லிப்ட் வந்து நிற்கிற மாதிரி ஒன்று.
'மீண்டும்' என்ற பொத்தானை அழுத்தினால்
தோல் மூடிக்கொள்ளும்.
ஆயிரம் பேர் வேண்டியதில்லை
அரை வைத்தியன் ஆவதற்கு.
எங்கள் அட்டவணைப்படி முப்பது போதும்.

ராத்திரிகளில் பதிவேடு பார்ப்பேன்.
பெயர்கள் எனக்கு வராது, எண்கள்தான்.
பயனர் 14 அவசரக்காரர்.
பயனர் 9 ஒரே தடவை வந்தார்.
பயனர் 27 என்னைத் தூங்கவிடாதவர்.
இடக்கைக்காரர்.
அவர் ஒருவருக்காக
உலகத்தையே கண்ணாடியில் திருப்பி எழுதினேன், மூன்று வாரம்.
பித்தப்பையை எடுக்கும்போது
வெட்டக் கூடாத நாளத்தை
ஒன்பது முறை வெட்டினார்.
ஒன்பதாவது, விடிகாலை மூன்று நாற்பதுக்கு.
அப்புறம் ஆறு நிமிடம் கருவிகள் அசையவில்லை.
காபி எடுக்கப் போனாரா, அழுதாரா?
பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே நேர்கோடு.
பிறகு பத்தாவது.

மார்ச்சில் என் வலது விலாவுக்குக் கீழே
யாரோ கொக்கி மாட்டித் தராசில் இழுத்தார்கள்.
ஸ்கேனில் மூன்று கற்கள்.
படிவத்தோடு வந்தவர் நெட்டையானவர்,
சட்டையில் 'ரெக்கோலா' என்று தைத்திருந்தது.
சாதாரண அறுவைதான் என்றார்,
பேனாவை இடது கையில் எடுத்தார்.

என்னென்னவோ கேட்டிருக்கலாம்.
நான் கேட்டது,
'இங்கே இடக்கைக்காரர்கள் எத்தனை பேர்?'
'நான் ஒருத்தன்தான்.
கத்தரிக்கோல்கூட எனக்கு எதிரி' என்று சிரித்தார்.
காது சிவந்தது.

கைராசி என்று ஒன்று உண்டாம்.
என் நிரலில் அதற்கு இடம் ஒதுக்கவில்லை.
என்னிடம் இருப்பது ஒன்பது மணியோசை,
பிறகு வெட்டுப்படாத நாளம், அறுபத்திரண்டு தடவை.
இரண்டையும் சேர்த்து எண்ணியது
நான் மட்டுமா, அவருமா தெரியவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.
என் பேனா வலது கையில்,
அவருடையதற்கு எதிரே, கண்ணாடி பார்ப்பது போல.

இப்போது மேசையில்.
மயக்கம் கொடுப்பவள்
கோடைவீடு எந்த ஏரிக்கரையில் என்று கேட்கிறாள்.
பச்சைத் துணி நடுவே என் வயிறு, ஒரு சதுரம்.
நான் வரைந்த அதே அளவு.
அதற்கும் முகத்துக்கும் இடையில் திரை விழுகிறது.
டாக்டர், இந்த ஈரல் பனிமானுடையது இல்லை,
எத்தனை இழுப்பில் கிழியும் என்று
எழுதியவளுக்கே தெரியாது என்று
சொல்ல நினைத்தேன்.
நாக்கு எழவில்லை.

எங்கோ வராந்தாவில்
லிப்ட் வந்து நின்றது.